தாடையண்ணனும் என் கழுத்தும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் யாருடைய கழுத்தாக இருந்தாலும் அதற்குத் தானே பொறுப்பு என்று நினைத்த ஒரே மனிதர் தாடையண்ணன்தான். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாருக்கும் அது நினைவில்லை.

நாங்கள் இருவரும் பத்திர எழுத்தர்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரே அறையில் அடுத்தடுத்த மேசை. கம்ப்யூட்டர் வந்தபின் நாள் முழுக்கத் திரைக்குள் தலையை நீட்டி உட்கார்ந்ததில், ஒரே மாதத்தில் இருவருக்கும் கழுத்து நோவு வந்தது. ஒரே பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அந்தப் பெண் ஒரே பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்து, ஆளுக்கொரு தாளும் தந்தாள். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார்.

முதல் பயிற்சி இதுதான்: தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல விட வேண்டும். செய்கிறவருக்கு இரட்டைத் தாடை விழும். பார்க்கிறவருக்கு, இவருக்கு ஏதோ நாற்றம் அடித்துவிட்டது என்று தோன்றும். சந்தையில் அண்ணன் இதைச் செய்யப்போக, தன் சாளைமீன் பழசென்று குற்றம் சொல்வதாக நினைத்து மீன்காரி சண்டைக்கு வந்துவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், அவளும் தாடையை இழுத்துக்கொண்டு நிற்கிறாள். சுமை தூக்கித் தேய்ந்த கழுத்தல்லவா?

நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலையால் கையைத் தள்ளுவது இன்னொரு பயிற்சி. ஞாயிறு ஆராதனையில் அவர் அதைச் செய்தபோது, மனம் உடைந்து அழுகிறார் என்று எண்ணிய போதகர் அவருக்காகத் தனியாக ஜெபித்தார். அண்ணன் மறுக்கவில்லை. ஜெபம் முடிவதற்குள் பத்துமுறை தள்ளி முடித்தார்.

ஒரு வேலித் தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கும் போனார். வேலியைப் பார்த்தீர்களா என்று வக்கீல் கேட்ட நேரம் பார்த்து, இவர் கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்பினார். 'பார்க்கவில்லை' என்று பதிவாகப் பார்த்தது. நீதிபதி விசாரித்ததும் பயிற்சியை விளக்கினார். கண்டிப்பாக எச்சரித்த அந்த நீதிபதி, சற்று நேரத்தில் தன் தோள்களையும் மெல்லப் பின்னால் இழுத்துப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன்.

ஆறே வாரத்தில் அவருக்கு நோவு போய்விட்டது. என் உண்மையான நோவு அன்றுதான் தொடங்கியது.

பத்திரம் எழுத வந்தவர்கள் என் மேசையைத் தாண்டி அவரிடம் போனார்கள். பாலராமபுரத்து நெசவாளர்கள் பயிற்சி கற்க அவரைத் தறிக்கூடத்துக்கு வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் சட்டென்று தலையைத் திருப்புவார். நான் முழு உடம்பையும் நாற்காலியோடு திருப்புவேன். எனக்குக் காட்டவே திருப்புகிறார் என்று வயிறு எரியும். வீட்டில் புலம்பினால் மனைவியும் அவர் பக்கம்.

“அவரு செய்தாரு, சொகமாச்சு. நீங்க செய்யல்ல, ஆகல்ல. இதுல அசூயைப்பட என்ன உண்டு?”

ஒரு மதியம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஒரே நாளில் அவரை முந்திவிடுவது என்று கதவைச் சாத்தினேன். தாளில் இருந்ததையெல்லாம் அவசர அவசரமாகச் செய்தேன். அது போதாதென்று, தாளில் இல்லாத ஒன்றையும் செய்தேன். தலையை ஆட்டுக்கல் குழவிபோல் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கழுத்து பிடித்துக்கொண்டது. தலை இடது தோளில் சாய்ந்தபடி நின்றுவிட்டது. இடது கைவிரல்கள் மரத்துப்போயின. பக்கவாதம்தான் என்று நினைத்து, அசையப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்து வந்தவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“எலே, கழுத்தச் சுத்தினியா? கை மரக்குதா?”

ஆமாம் என்றேன்.

“இது நம்ம பயிற்சிக்கு உள்ள கேஸில்ல. டாக்டரக் காணணும். பேடிக்காத மக்கா, நானும் வாறேன்” என்று தைரியம் சொன்னார்.

ஆட்டோவில் வழியெல்லாம், பள்ளத்தில் விழும்போது தலை குலுங்காதபடி தன் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். பக்கவாதம் இல்லை, நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர். ஓய்வெடுத்தபின் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி மட்டும் செய்யச் சொன்னார்.

பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து காலை ஆறு மணிக்கு அண்ணன் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவார். நான் நாலில் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். ஒருநாள் எண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“ஊருக்கெல்லாம் ஓடினேன். பக்கத்து மேசைக்காரன் நோவோட இருந்தத நோக்கல்ல. தப்பு எனக்காக்கும்.”

அவர் நன்றாக இருப்பதைப் பொறுக்க முடியாமல்தான் கழுத்தைச் சுற்றினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இப்போதும் வருகிறார். சில நாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, ஒற்றசேகரமங்கலத்தில் ஒருவருக்குத் தோள் சரியில்லை என்று கிளம்பிவிடுவார். முன்பின் பார்த்திராத அந்தத் தோள்காரர்மேல் எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருக்கும்.

என் கழுத்து சுகமாகி இரண்டு மாதம் ஆகிறது. காலையில் செருப்பைக் கழற்றும்போதே, “நோவு உண்டா மக்கா?” என்று கேட்பார்.

“கொஞ்சம் உண்டு அண்ணா” என்பேன்.