பெறுநர்: உலகத்தார் அனைவரும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் தொழிலாளர் அடையாள அட்டை வழங்கும் உதவி அலுவலகத்துக்குத் திருவள்ளூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘திறமூல மென்பொருளின் நன்மைகளும் எதிர்காலமும்’ என்னும் பொருளில் எல்லா அலுவலகங்களும் அரைநாள் கருத்தரங்கு நடத்திப் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

உதவி அலுவலர் வீரராகவன் கடமை தவறாதவர். பேனர் கட்டினார், கேசரி வரவழைத்தார். “விலை கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கலாம். நமக்கு வேண்டியபடி திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். எந்தக் கம்பெனி வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டாம். எதிர்காலமே இதில்தான் இருக்கிறது” என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். கருத்தரங்கு என்றால் அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஷைனி மட்டும், பாவம், அதை நம்பிவிட்டாள்.

“கருத்தரங்குல சொன்னத நம்ம ஆபீஸ்ல செய்யட்டுங்களா சார்?” என்று கேட்டாள். அறிக்கைக்குப் புகைப்படம் ஒட்டிக்கொண்டிருந்த வீரராகவன் நிமிராமலே, “செய்ம்மா, செய்” என்றார்.

அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. மாதத்தில் பாதி நாள் அது திறக்காது. திறந்த நாட்களில் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும். ஷைனி ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து அதைத் துடைத்து எடுத்தாள். லினக்ஸ் போட்டாள். அட்டை அடிப்பதற்கும் இலவசமாகக் கிடைத்த ஒன்றை எடுத்துத் தமிழில் மாற்றினாள். மாதிரி அட்டையில் எளாவூர் லோகுவின் போட்டோவை வைத்தாள், அந்த அலுவலக வரிசையில் அதிக நாள் நின்றவர் என்கிற மரியாதைக்காக. மாற்றியதை நாலு பேருக்கு உதவட்டும் என்று இணையத்திலும் போட்டு வைத்தாள்.

அவள் அப்பா ஜெயராஜ் இருபது வருஷமாக இரும்பு மில்லில் உலை முன்னால் நிற்பவர். அந்தக் குடும்பத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் ஷைனிதான். அவளுடைய ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. வேலையை ஒழுங்காகச் செய்தால் நீட்டிப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அதையும் யார் சொல்லிக் கேட்டாளோ தெரியாது.

திங்கட்கிழமை லோகு வந்தார். பத்து நிமிஷத்தில் அட்டை கைக்கு வந்தது.

“இன்னாம்மா, அவ்ளோதானா? சாங்காலம் வான்னு சொல்ல மாட்டியா?”

“அவ்ளோதாண்ணா. கெளம்புங்க.”

லோகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டூப்ளிகேட் இல்லியே? நான் அரை நாள் லீவு போட்டுக்கினு வந்துகிறேன். இப்ப எங்க போறது?”

ஒரு மாதம் இப்படியே போனது. வரிசை மறைந்தது. வாசலில் டீ விற்றவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். மாத முடிவில் வழக்கமான அறிக்கை திருவள்ளூருக்குப் போனது. அதில் ‘கணினிப் பழுது குறித்து எழுதிய கடிதங்கள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. நான்காம் நாளே பதில் வந்துவிட்டது:

‘தங்கள் அலுவலகத்தில் பழுது ஏதும் நிகழாமைக்கான தக்க காரணத்தை மூன்று தினங்களுக்குள் தெரிவிக்குமாறு பணிக்கப்படுகிறது.’

வீரராகவனுக்கு வியர்த்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவரிடம் யாரும் இப்படியொரு விளக்கம் கேட்டதில்லை. ஷைனியைக் கூப்பிட்டார்.

“இந்த சாஃப்ட்வேருக்கு ஓனர் யாரும்மா?”

“தனியா ஓனர்னு யாரும் இல்ல சார். உலகம் பூரா எவ்ளோ பேரோ சேந்து எழுதுனது.”

“இது கெட்டுப் போனா?”

“யாராவது பாத்து சரி பண்ணிப் போடுவாங்க சார். நானே கூடப் பண்ணுவேன்.”

“அதைக் கேக்கலம்மா. கெட்டுப் போனா நான் யாருக்கு லெட்டர் எழுதறது?”

“லெட்டரே வேணாம் சார்.”

“லெட்டர் வேணாம்னா நான் எதுக்கு? அந்த உலகத்துக்காரங்க அட்ரஸ் குடு.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றே ஒரு கடிதம் தயாரானது. ‘பெறுநர்: உலகத்தார் அனைவரும். பொருள்: தங்கள் மென்பொருள் இதுவரை பழுதடையாமை — விளக்கம் கோருதல்.’ பதிவுத் தபாலில் போனது. ஒன்பதாம் நாள் ‘முகவரி போதாது’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. வீரராகவன் அதைக் கோப்பில் வைத்து, ‘மேற்படி மென்பொருளைச் செய்தவர்கள் தலைமறைவாக உள்ளனர் என்பது இதனால் உறுதியாகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பிறகு ஷைனியின் ஒப்பந்தக் கோப்பை எடுத்தார்.

“உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா உன் போஸ்ட்டை எதுக்குக் குடுத்திருக்காங்கன்னு படி.”

‘கணினி அடிக்கடி பழுதடைவதால் உண்டாகும் கூடுதல் பணிச்சுமையைச் சமாளிக்க’ என்று இருந்தது.

“இப்ப பழுது இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் நீ எதுக்கு? நீயே சொல்லு.”

ஒப்பந்தம் நீளவில்லை. ஏப்ரல் முதல் தேதி ஷைனி வீட்டில் உட்கார்ந்து அழுதாள். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெயராஜ், “ஒழுங்கா ஓடுற மிஷினாண்ட எவன் ஆள் வெப்பான்? எங்க மில்லுலயும் அதே கததான். உடு” என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுதாள்.

அலுவலகத்தில் அவள் போட்டதை எடுத்துவிட்டு, ஓனர் உள்ள புது மென்பொருள் விலைக்கு வந்து இறங்கியது. பெயர் ‘கார்டு ராஜா ப்ரோ’. கொண்டுவந்தவர் சரவணகுமார், கோட்டு போட்டுக்கொண்டு காரில் வந்தவர். அடுத்த வாரமே அவர் ஷைனிக்குப் போன் செய்து வரவழைத்து அதைத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தில் ஒரு கிரீடம் இருந்தது. அடுத்த பக்கத்தில், மாதிரி அட்டையில், எளாவூர் லோகு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது நான் பண்ணது சார்!”

“ஆமாம்மா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நீதானே எழுதி வெச்சிருந்த? கிரீடம் மட்டும் என்னுது.” அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “எனக்கு ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வேணும். நிரந்தர வேலை. உன்னை விட்டா இதை யாருக்குத் தெரியும்?”

“இதுல கெட்டுப் போறதுக்கே ஒண்ணும் இல்லியே சார். சர்வீஸுக்கு இன்னா இருக்குது?”

“அதான் உன் வேலை. மாசம் ரெண்டு நாள் இது ஓடாம நிக்கணும். அவங்க லெட்டர் எழுதணும். நாம வந்து சரி பண்ணணும். அந்த ஆபீஸும் பொழைக்கணும் இல்லியா?”

ஷைனி ஒரு ராத்திரி யோசித்தாள். உலை முன்னால் நிற்கும் அப்பாவையும் யோசித்தாள். சேர்ந்துவிட்டாள்.

மே மாதம் முதல் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முறைப்படி நின்றது. வீரராகவன் இரண்டு கடிதமும் ஒரு நினைவூட்டலும் எழுதினார். முகம் தெளிந்துவிட்டது. டீ விற்றவர் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். புதன்கிழமை வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். முன்னால் நின்ற லோகு, தொலைத்த அட்டைக்கு மாற்று கேட்டு வந்தவர், பக்கத்து ஆளிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

“முன்ன ஓசி சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டு வெச்சினு இருந்தாங்கோ. ஒரு வாட்டி கூட நின்னது கெடயாது. நிக்காததுல இன்னா இருந்துச்சின்னு நமக்கு எப்படித் தெரியும்? இது பார், நின்னா கேக்க ஆள் கீது. கார் போட்டுக்கினு வர்றாங்கோ.”

கார் வந்தது. ஷைனி இறங்கினாள்.

“வாங்க மேடம்,” என்று லோகு வழிவிட்டார். அவளை அவர் மேடம் என்றது அதுதான் முதல் தடவை. வீரராகவன் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். ஷைனி உட்கார்ந்து, தானே நிறுத்தி வைத்திருந்ததை ஒரு பட்டனைத் தட்டித் திறந்துவிட்டாள். பிரிண்டர் ஓடியது.

அறுபது பேரும் கைதட்டினார்கள்.

பத்து நிமிஷத்தில் அட்டை கொடுத்த காலத்தில் அவளுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதம் மூன்று நாள் நிறுத்தலாம் என்று காரில் திரும்பும்போது முடிவு செய்தாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.