பொட்டண மாஸ்டர்

கட்டிங் மெஷினைக் கையில் பிடித்துவிட்டால் ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிறவரும், அந்த மெஷினைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தால் உள்ளங்கால் வரை நடுங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? முடியும். திருப்பூரில் அப்படி ஒருவர் இருக்கிறார். உலகத்தில் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. இருந்தால் அந்த ஊரிலிருந்து ஒரு பனியன்கூட வெளியே வந்திருக்காது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் பொட்டண மாஸ்டர். பொட்டலத்தை இந்தப் பக்கம் பொட்டணம் என்பார்கள். மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். நெருப்பெரிச்சல் பக்கம் நான் முதலில் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், துணியை மேஜைமேல் அடுக்கடுக்காக விரித்துக் கொடுத்தால் அதைக் கை, கழுத்து, உடம்பு என்று வெட்டித் தருகிறவர் அவர்தான். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒவ்வொரு ஆர்டரும் எந்த இடத்தில் படுத்துத் தூங்குகிறது என்று கண்டுபிடித்து எழுப்பிவிடுவது என் வேலை. பெரும்பாலும் மாஸ்டர் மேஜையில்தான் தூங்கும்.

காரணம் பொட்டணம். இந்தப் பக்கத்துக் கோயில்களில் பூ கேட்பது என்று ஒரு வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் காரியத்தைத் தொடங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், கிணறு, வீடு மாதிரியான பெரிய காரியங்களுக்குக் கேட்பார்கள். மாஸ்டர் டீயா காப்பியா என்பதற்கே கேட்பார். பூவுக்கு எங்கே போவது? கட்டிங் செக்ஷனில் பஞ்சமில்லாதது துண்டுத் துணி. வெள்ளையில் ஒரு துண்டு, சிவப்பில் ஒரு துண்டு, காகிதத்தில் மடித்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். டாக்டர் ஊசியை எடுத்தார். மாஸ்டர் பொட்டணத்தை எடுத்தார். "ஒண்ணத் தொடுங்க டாக்டர்" என்றார். டாக்டரும் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொட்டார். சிவப்பு. "அப்ப வேண்டாமுங்க" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்துவிட்டார். காய்ச்சல் ஒன்பது நாள் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளகோவிலில் இருக்கும் வீட்டுக்குப் போவார். பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும், இதில் ஏறலாமா என்று பக்கத்தில் நிற்பவரிடம் பொட்டணத்தை நீட்டுவார். அந்த ஆள் திகைத்து, விஷயம் புரிந்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பதற்குள் பஸ் போயிருக்கும். "வெள்ளைதானுங்க வந்துச்சு. ஆனா பஸ்ஸக் காணோமுங்க" என்று திங்கட்கிழமை ஒருமுறை என்னிடம் நியாயம் கேட்டார்.

கட்டிங் மேஜையில் பொட்டணம் எடுத்துக் கொடுப்பது மஹேஷின் வேலை. துணி விரிக்கிறவர், பீகார்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தமிழை மாஸ்டரிடமே கற்றதால் எங்கள் கம்பெனியிலேயே மரியாதையான தமிழ் அவருடையதுதான். "செவப்புங்க மாஸ்டர்" என்று அவர் வருத்தத்தோடு சொன்னால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு அரை நாள் போச்சு.

"என்ன மாஸ்டர் பண்ணுதீங்க? பத்துப் பேர் தையல் மெஷின்ல சும்மா உக்காந்திருக்காங்க" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"சித்த இருங்கம்மிணி. மத்தியானத்துக்கு மேல இன்னொருக்கா எடுத்துப் பாத்தரலாமுங்க."

"அளவு சரியா இருக்கா?"

"இருக்குதுங்க."

"துணி சரியா இருக்கா?"

"தங்கமாட்ட இருக்குதுங்க."

"அப்புறம் என்ன?"

அவர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனியில், ஒரு பெரிய ஆர்டரில், அத்தனை கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாராம். வலது கை என்று ஒன்றுகூட விழவில்லை. முதலாளி, டெய்லர்கள், டீ கொண்டுவந்தவர் என எல்லோரும் சேர்ந்து சிரித்தார்களாம்.

"திட்டி வஞ்சிருந்தா அன்னைக்கே ஆறியிருக்குமுங்க. சிரிச்சுப்போட்டாங்க. அதுலருந்து வெட்டறதுன்னாலே, நான் சொல்லி நான் வெட்டக்கூடாதுன்னு ஆயிப்போச்சுங்க. வேற யாராவது சொல்லோணுமுங்க."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டால் கப்பலில் சரக்கு ஏறாது.

அந்த மாதமே முதலாளி கட்டிங் செக்ஷனுக்கு வந்தார். இந்த ஊரில் திட்டினால்கூட விருந்துக்கு அழைப்பது போலத்தான் இருக்கும். "மாஸ்டர், உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. உங்களாட்ட வெட்டறதுக்கு ஆளே இல்லீங்க. இன்னொருக்கா லேட்டாச்சுன்னா நாளையிலருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்று கைகூப்பிவிட்டுப் போனார். மாஸ்டரும் கைகூப்பினார். ஐம்பத்தைந்து வயதில் வேறு கம்பெனி வாசலில் போய் நிற்கலாமா என்பதற்குப் பொட்டணம் எடுக்கவேண்டி வந்தால் அவர் என்ன ஆவார்?

அப்போதுதான் அந்தத் திருட்டு யோசனை வந்தது. "மாஸ்டர், வெட்டறதுக்கு மட்டும் இனிமே நானே மடிச்சுத் தாரேன்" என்றேன். அவருக்கு நிம்மதி. தான் மடிப்பது சரியாக இருக்குமா என்றும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம்.

நான் இரண்டு பொட்டணத்திலும் வெள்ளையை வைத்தேன்.

மஹேஷ் எதை எடுத்தாலும் வெள்ளை. எடுக்காததை நான் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். ஏழு மாதம். கட்டிங் செக்ஷன் ரயில் மாதிரி ஓடியது. "வெள்ளைங்க மாஸ்டர்!" என்று மஹேஷ் கத்துவார், மாஸ்டர் சுவிட்சை அழுத்துவார். ஒரு துண்டு வீணாகவில்லை, ஓர் ஆர்டர் தாமதமாகவில்லை. சாமி இப்போது தன்மேல் பிரியமாக இருப்பதாக மாஸ்டர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் குறுகுறுப்பாக இருக்கும். இன்கிரிமென்ட் வந்ததும் அதுவும் போய்விட்டது.

பிறகு அந்த லைக்ரா துணி வந்தது.

லைக்ரா என்பது ரப்பர் மாதிரி இழுபடும் நூல்; அது கலந்த துணியை உருளையில் இழுத்துச் சுற்றியிருப்பார்கள். பிரித்துப் போட்டு ஒரு நாள் விட்டால்தான் சுருங்கித் தன் அளவுக்கு வரும். அதற்குமுன் வெட்டினால், தைத்து முடித்தபின் பெரியவர் சட்டை சின்னப் பிள்ளைக்குத்தான் ஆகும். சாயப்பட்டறைக்காரர்கள், "அதெல்லாம் நேத்தே பிரிச்சுப் போட்டு ஆறிருச்சுங்க, ஒடனே வெட்டலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளில் சரக்குப் போக வேண்டும். முதலாளி காலையிலிருந்து எனக்கு நாலுமுறை போன் பண்ணியாயிற்று.

மஹேஷ் துணியை விரித்து முடித்தார். மாஸ்டர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஓரத்தை இழுத்து விட்டார். மறுபடியும் இழுத்து விட்டார். முகம் சரியில்லை. நான் பொட்டணங்களை நீட்டினேன். மஹேஷ் ஒன்றை எடுத்தார்.

"வெள்ளைங்க மாஸ்டர்!"

மாஸ்டர் மெஷினைப் பிடித்தார். சுவிட்சில் விரல் இருந்தது. விரல் அழுத்தவில்லை.

"இல்லீங்க" என்றார். "இத வெட்டக்கூடாதுங்க."

"மாஸ்டர், வெள்ளை வந்திருக்கு!"

"வந்திருக்குதுங்க. இருந்தாலும் வெட்டக்கூடாதுங்கம்மிணி. துணி இன்னும் மூச்சு வாங்குதுங்க."

"முதலாளி என்ன சொன்னாருன்னு மறந்து போச்சா? வேலை போயிரும் மாஸ்டர்!"

"தெரியுமுங்க."

சொன்னாரே தவிர, தான் சொன்னதைக் கேட்டு அவரே பயந்துபோனார். வெள்ளை வந்தபிறகு அவர் மாட்டேன் என்றது அதுதான் முதல்முறை. ஒருவேளை மஹேஷ் மாற்றி எடுத்துவிட்டாரோ என்று நினைத்தாரோ என்னவோ, என் கையிலிருந்த இன்னொரு பொட்டணத்தைப் பிடுங்கிப் பிரித்தார்.

அதிலும் வெள்ளை.

மஹேஷ் இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"எத்தன நாளா?" என்றார் மாஸ்டர். முதல்முறையாக அவர் வாயிலிருந்து 'ங்க' வரவில்லை.

"ஏழு மாசமா."

அவர் துணி உருளைமேல் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு மாதத்தில் வெட்டிய ஆர்டர்களைத்தான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"அப்ப ஏழு மாசமா சாமி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இல்ல மாஸ்டர்."

"நாந்தான் வெட்டிட்டு இருந்தனா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். மாஸ்டர் எழுந்தார். கை சட்டைப் பைக்குப் போனது, பாதியில் திரும்பி வந்தது.

"நாளைக்குக் காலையிலதானுங்க வெட்டுவேன். துணி சுருங்குமுங்க. சுருங்கலீன்னா நீங்க சொல்ல வேண்டாம், நானே போயிக்கறனுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மாஸ்டர் அடுக்கைக் கலைத்து, துணியைத் தளர்த்திப் போட்டு, டேப் பிடித்துச் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டார். "காலையில நீங்களே அளந்து பாருங்க" என்று டேப்பை முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. துணி சுருங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

காலையில் முதலாளி அளந்தார். கோடுகளுக்கு நடுவே இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. நம்பாமல் இன்னொருமுறை அளந்தார். "வெட்டுங்க மாஸ்டர்" என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? ஒவ்வொரு தடவையும் சுவிட்சுக்கு முன்னால் கை பைக்குப் போகும், திரும்பி வரும். அந்தச் சனிக்கிழமை பொட்டணம் எடுக்காமல் முதலில் வந்த பஸ்ஸில் தாவி ஏறி, பொங்கலூரில் போய் இறங்கினார். திருப்பூரிலிருந்து வெள்ளகோவில் போகிற பஸ் அந்தப் பக்கமே போகாது. "தப்பான பஸ்ஸுதானுங்க. ஆனா ஏறுனது நானுங்க" என்று மஹேஷிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஹேஷிடம்தான். என்னிடம் பேசவில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும், "மஹேசு, அடுத்த துணி எப்ப வருதுன்னு அம்மிணிகிட்டக் கேட்டுச் சொல்லு" என்பார். மஹேஷ் என் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்பார். நான் மஹேஷிடம் பதில் சொல்வேன். ஒரு வாரம் இப்படியே போனது. மூன்றாம் நாள் பாத்ரூமில் போய் அழுதேன். சொந்த ஊரை விட்டு வந்தபோதுகூட நான் அழுததில்லை.

எட்டாம் நாள் கையில் இரண்டு டீயோடு என் மேஜைக்கு வந்தார்.

"சாப்புடுங்கம்மிணி."

"கோவம் போயிருச்சா மாஸ்டர்?"

"போகலீங்க. அதுக்கு இன்னும் நாளாகுமுங்க. கோவத்தோடயே டீ குடிக்கலாமில்லீங்க?"

குடித்தோம். தம்ளரைப் பார்த்துக்கொண்டே மாஸ்டர் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தனுங்க. நான் தப்பா வெட்ட மாட்டேன்னு தெரியாம ஒரு ஆளு ரெண்டுலயும் வெள்ளைய வெப்பாங்களாங்க? என்னைய நானே நம்பாதப்ப, ஏழு மாசம் நீங்க நம்பியிருக்கறீங்க."

ஐயோ மாஸ்டர். நான் நினைத்ததெல்லாம் சரக்கையும் தேதியையும் மட்டும்தான். உங்களை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. இதை அன்றைக்கு அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன், படித்துவிட்டு இன்னொரு வாரம் பேசாமல் இருந்தாலும் சரி. நான் அவரை நம்பினேன் என்பது அன்றைக்குப் பொய்தான். ஆனால் இத்தனை வருடத்தில் நான் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும், வாசலில் நுழைந்ததும் முதலில் கட்டிங் மேஜையைத்தான் பார்க்கிறேன், அங்கே அவர் நிற்கமாட்டாரா என்று.