முகாமில் முதலிடம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், “ஒரு லேப்ல இருக்கேன்” என்பதோடு இப்போதெல்லாம் நிறுத்திக்கொள்கிறேன். மேற்கொண்டு துருவினால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டு வந்த புத்தி.

விஷயம் இதுதான். நம் கல்லீரலில் ஒரு மரபணு இருக்கிறது. ரத்தத்தில் திரியும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் அள்ளி எடுக்கவிடாமல் முட்டுக்கட்டை போடுவது அதன் குணம். அதைத் திருத்தி முடக்கிவிட்டால் கொழுப்பு குறையும். மாரடைப்பையும் தடுக்கலாம் என்று நம்புகிறார்கள். வெளிநாடுகளில் சில நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து வருகிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடம் இன்னும் எலிகளோடுதான் நிற்கிறது. அதிலும் என் பங்கு, எலிகளின் ரத்தத்தைச் சோதித்து அட்டவணை போடுவது. (முனைவர் பட்டம் இருப்பதால் உறவினர்கள் என்னை டாக்டர் என்பார்கள். நானும் மறுத்ததில்லை.)

என் மனைவி ரேவதியின் அண்ணன் தனசேகர் திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பூந்தமல்லியில் அவர் பகுதி நலச்சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். ஒரு காதுகுத்து விருந்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர், பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

“மாப்ள, ரொம்ப நாளா கேக்கணும்னு கீறேன். அங்க இன்னாதான் வேல உங்களுக்கு?”

எல்லா இலையும் என்னைப் பார்த்தது. எலி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“ஒரே ஊசி மச்சான். அப்புறம் ஆயுசுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையே வேணாம்.”

“எப்ப வருது?”

“வந்துகிட்டே இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னேன். உடனே என் இலையில் மட்டன் வறுவல் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. மச்சான் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்திராத ஒரு மரியாதை. அந்த மரியாதைக்காக நான் இன்னும் பெரிய பொய்கூடச் சொல்லியிருப்பேன்.

சில வாரங்கள் கழித்து வானகரம் வழியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சுவரிலிருந்து நானே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ‘மாபெரும் இலவச இதயப் பரிசோதனை முகாம். ஒரே ஊசியில் கொலஸ்ட்ராலை ஒழிக்கும் டாக்டர் குமரன் சிறப்புரை.’ கீழே மச்சானின் நலச்சங்கத்தின் பெயர். கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். மாலையை வெட்டியிருந்தார்கள். அப்படியும் கழுத்தோரம் ஒரு ரோஜா மிச்சம் இருந்தது.

“இப்பவே அண்ணனுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லிடுங்க” என்றாள் ரேவதி.

“எல்லாம் மேடையில பக்குவமா சொல்லிக்கறேன்” என்றேன். (அந்தச் சுவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை.)

முகாம் அன்று காலை பூந்தமல்லி கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்ததால் எல்லோர் முகத்திலும் பசி. நான் மட்டும் வழியில் பொங்கல் வடையை முடித்துவிட்டுப் போயிருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்தேன். பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ‘மரபணு’ என்றதும் கைதட்டினார்கள். ‘திருத்தம்’ என்றதும் மறுபடி தட்டினார்கள். அதற்குப் பிறகு எலி என்ற சொல்லுக்கு என் பேச்சில் இடமே கிடைக்கவில்லை.

பேசி முடித்ததும் முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மேடையோரம் வந்தார். பூந்தமல்லியில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் காதர் பாய். சட்டையின் முழுக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டே பேசினார்.

“எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் நாப்பது தாண்டல தம்பி. நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்தாங்க, அவ்ளோதான். எனக்கும் அதே கொழுப்புதான்னாரு டாக்டரு. அந்த மாத்திர போட்டா காலு கடுக்குது. உங்க போஸ்டர் பாத்த அன்னிக்கே உட்டுட்டேன். அதான் ஊசி வந்துடுச்சே. எந்தக் கையில போடுவீங்க?”

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அந்தக் கூட்டத்தில் இன்னும் யாரெல்லாம் மாத்திரையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்களோ என்று தோன்றியது. மைக்கிலேயே சொன்னேன்.

“பாய், என்கிட்ட ஊசி இல்ல. எங்க லேப்ல எலிக்குத்தான் போட்டுப் பாக்குறோம். நமக்கெல்லாம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வந்துகிட்டே இருக்குன்னு மச்சான்கிட்ட சொன்னது பொய். யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க. கால் வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திக் குடுப்பாங்க.”

“எலிக்கா?” என்றது பின் வரிசை.

“இதுக்காய்யா காத்தாலேர்ந்து பட்டினி கெடக்கோம்?” என்றது இன்னொரு குரல்.

மச்சான் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் பாய் சுருட்டிய கையை மெதுவாக இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பொத்தானைப் போட்ட நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நீங்க இன்னா மாத்திர போடுறீங்க தம்பி?” என்றார்.

“நான் எதுவும் போடறதில்ல.”

“டெஸ்ட்டு?”

“எடுத்ததில்ல.”

“வாப்பா கீறாரா?”

“இல்ல பாய். நான் காலேஜ் படிக்கும்போதே நெஞ்சு வலியில போயிட்டாரு.”

“எலிக்கெல்லாம் பாக்குறீங்க. வாங்க இங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்து, பொன்னாடையோடு, காலையிலிருந்தே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நர்ஸின் மேசைக்கு அழைத்துப் போனார்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்த நர்ஸ், கொலஸ்ட்ரால் காட்டும் கருவியைப் பார்த்துவிட்டுத் தட்டினார். அதில் புதுச் சோதனைப் பட்டையைச் செருகி இன்னொரு விரலில் குத்தினார். மறுபடி அதே எண்.

“காலைல பொங்கல் சாப்பிட்டேன், அதனால இருக்கும்” என்றேன் விஞ்ஞானியாக.

“பொங்கலுக்கு இவ்ளோ ஏறாது சார்” என்றார் நர்ஸ்.

குலைந்துபோன கூட்டத்தை எப்படியாவது நிமிர்த்திவிட வேண்டும் என்று மச்சான் தவித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மேசையை எட்டிப் பார்த்தவருக்கு, எண் பெரிதாக இருந்தது மட்டும்தான் புரிந்திருக்கிறது. மைக்கைப் பிடுங்கினார்.

“பொதுமக்களே! இன்னிக்கு முகாம்ல இதுவரிக்கும் இருக்கறதுலயே அதிகமா எடுத்து முதலிடம் புடிச்சவரு, நம்ம டாக்டர் மாப்ளதான்!”

கைதட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள். எண்ணையும் நிறுத்தி, நிதானமாக, இரண்டு முறை வாசித்தார். அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. பூந்தமல்லியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முகாமுக்கு வந்திருந்த ரேவதியோடு அம்பத்தூர் வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “அண்ணன் மைக்குல கத்துனப்ப எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மாமாவோட போட்டோதான் ஞாபகம் வந்துது.” ஹாலில் மாட்டியிருந்த என் அப்பாவின் படத்தை இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதய மருத்துவர் பரம்பரையாக வரும் கொழுப்பு என்றார். இன்னும் சில வருஷம் இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து மாத்திரை. எந்தக் கொழுப்பைக் குறைக்க எலிகளோடு மல்லுக்கட்டுகிறேனோ, அந்தக் கொழுப்பு என் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறது. நான் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கக் காதர் பாய் கடைக்குப் போனேன். அவருக்கு மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருந்தார். கால் கடுப்பு இல்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள், “போட்டீங்களா இன்னிக்கு?” என்றார். போட்டேன் என்றதும்தான் டீ சொன்னார்.

எங்கள் மகளுக்கும் பரிசோதனை செய்தோம். அவளுக்கு அது வரவில்லை. அந்த நிம்மதிக்குப் பிறகுதான் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்க அனுமதி கிடைத்தது. கிடைத்ததோ இல்லையோ, மச்சான் விடுவதாக இல்லை.

போன வாரம் பள்ளியில் இரண்டாவது ராங்க் வாங்கிவிட்டு அவள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மச்சான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டாவது வந்தா இன்னா கண்ணு? உங்கப்பா ஒருவாட்டி ஃபர்ஸ்ட் வந்துட்டு, இன்னிவரிக்கும் மாத்திர போட்டுக்கினு கீறாரு.”