தேக்கு சார் போட்ட தரை

தேக்கு சார் அன்று கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். சுவருக்கு என்ன நிறம் என்பதில் மனைவிக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. சோபா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுத்தாயிற்று. மீசையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு முகம் மொழுமொழுவென்று நின்றது. ஆனால் கூடத்துத் தரை விஷயத்தில் தலையே போனாலும் சரி, அசல் மரம்தான்!

அவருக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். மரச்சாமான் கடையில் பில் போடுகிறார். கட்டிலும் பீரோவும் அவர் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். கடையில் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாசனையைச் சுவாசித்துச் சுவாசித்தே தான் மர நிபுணர் ஆகிவிட்டதாக அவருக்கு எண்ணம். எதிர்வீட்டுக்காரர் ஒரு முக்காலி வாங்கினால்கூட இவரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்வார். "தேக்கு சார்" என்று பட்டம் கொடுத்தவரும் அவர்தான். சொந்தப் பெயரைவிட அது இவருக்குப் பிடித்துப்போயிற்று. ஊர் உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை அது.

மனைவி பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வராதபடி பொய்ப்பல் செய்வதில் கெட்டிக்காரி.

"மரம் மாதிரியே ஒரு தரை வந்திருக்குங்க. தண்ணி கொட்டினாலும் ஒண்ணும் ஆகாதாம். அதைப் போட்டுடலாம்."

"மாதிரியா? என் வீட்டுலயா? மாதிரின்னாலே ஏமாத்து!"

"நான் கட்டின பல்லால ஜனங்க கரும்பு கடிக்கிறாங்க. அதுவும் ஏமாத்தா?"

"பல்லு வேற, தரை வேற. பல்லு மேல யாரும் நடக்கிறதில்ல."

"அசல் மரத்துல தண்ணி பட்டா ஊறி உப்பிடும். தினம் பெருக்கணும், ஈரம் இல்லாம துடைக்கணும். யாரு செய்யறது?"

"நான்!" என்றார் தேக்கு சார். வேகத்தில் வந்துவிட்டது. "பெருக்கறது, துடைக்கறது, மெழுகு போடறது, எல்லாம் நான்!"

மனைவியின் புருவம் கொஞ்சம் மேலே போய் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சரி, ரெண்டுக்கும் வித்தியாசமாவது தெரியுமா உங்களுக்கு?"

"கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்வேன்!"

"அப்போ கட்டிக்கோங்க. நீங்க எதுல கைவெச்சு அசல்னு சொல்றீங்களோ, அதையே கூடம் முழுக்கப் போட்டுடறேன். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நான் மாறமாட்டேன். நீ மாறாம இரு."

தரை போடுகிறவர் இரண்டு பலகைகளோடு வந்தார். ஒன்று மரம், ஒன்று மரம் மாதிரி. தேக்கு சாரின் கண்ணைத் துண்டால் கட்டி, இரண்டையும் எதிரே வைத்தார்கள்.

முதல் பலகையை மோந்து பார்த்தார். விரலால் தட்டினார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "சீச்சீ! பிளாஸ்டிக்! தூக்கி அந்தப் பக்கம் வைங்க."

இரண்டாவதைத் தொட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. காதை வைத்துக் கேட்டார். தடவிக் கொடுத்தார். "ஆகா! உயிர் இருக்குய்யா இதுல! மூச்சு விடுது! மழை பார்த்த மரம், வெயில் பார்த்த மரம்!"

தரை போடுகிறவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சார், அது வந்து..."

"காபி ஆறுது, முதல்ல குடிங்க" என்றாள் மனைவி.

தேக்கு சார் கண்கட்டை அவிழ்ப்பதற்குள் இரண்டு பலகைகளும் உள்ளே போய்விட்டன. "ஜெயிச்சிட்டீங்க. நீங்க சொன்னதையே போட்டுடலாம்" என்றாள். தேக்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தரை போட்டு முடிந்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்தால் துடைப்பம், பொழுது சாய்ந்தால் மெழுகு. நாற்காலிகளுக்கெல்லாம் காலுறை மாட்டினார். தண்ணீர் குடிக்கப் பால்கனிக்குப் போனார். வருகிறவர்களையெல்லாம் மண்டியிட வைத்து, "காதை வெச்சுக் கேளுங்க, மூச்சு விடும்" என்றார். எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, ஆமாம், லேசாகக் குறட்டைகூட வருகிறது என்றார்.

மனைவி சோபாவில் காலை நீட்டிப் புத்தகம் படித்தாள். அந்தப் பழக்கம் அவளுக்குப் புதுசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் ஜம்மென்று நடந்து வந்தது.

"ஐயோ! என் தரை!" தேக்கு சார் பாய்ந்தார். துண்டு, போர்வை, திரைச்சீலை, கடைசியில் போட்டிருந்த சட்டை, எல்லாவற்றையும் எறிந்தார். போதவில்லை. தானே குறுக்கே படுத்துவிட்டார். "ஊறிடும்! உப்பிடும்! ஐயோ, மழை பார்த்த மரமாச்சே!"

மனைவி குழாயை மூடிவிட்டு வந்து, புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள். "எழுந்திருங்க, சளி பிடிக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படி ஆகாம இருக்கும்? அசல் மரம்!"

"அசல் மரம் நீங்க சீச்சீன்னு தள்ளினது. நீங்க கைவெச்சதைத்தான் போட்டிருக்கேன். பேச்சு மாறல."

தேக்கு சார் ஈரத்தில் படுத்தபடியே கூரையைப் பார்த்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கடைசியில், யாரும் எதிர்பார்க்காதபடி, மகா சந்தோஷம் வந்தது. அப்படியென்றால் இனிமேல் பெருக்க வேண்டாம்! மெழுகு போட வேண்டாம்! தண்ணீரை உள்ளேயே குடிக்கலாம்! கையிலிருந்த துணியைத் தூக்கி மூலையில் வீசினார்.

"அப்போ இனிமே நான் எதுக்குத் துடைக்கணும்? முடியாது, போ!"

அந்த நேரம் பார்த்துச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வாசலிலேயே பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார்.

"என்ன தேக்கு சார், இவ்வளவு தண்ணி! அசல் மரமாச்சே, தாங்குமா?"

தேக்கு சார் மனைவியைப் பார்த்தார். 'சொல்லட்டுமா?' என்பதுபோல் அவள் புன்னகை செய்தாள்.

அவர் மெல்ல நகர்ந்துபோய் மூலையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார்.

"தாங்காது அண்ணே, அதான் இவரே பார்த்துப் பார்த்துத் துடைக்கிறார்" என்றாள் மனைவி. "ஏங்க, சோபாவுக்கு அடியில விட்டுட்டீங்களே."