தூங்குமூஞ்சி டாக்டரம்மாவின் பெஞ்சு

பம்பாயிலேயே கண்ணைத் திறக்காமல் வைத்தியம் பார்த்த ஒரே டாக்டர் எங்கள் தூங்குமூஞ்சி டாக்டரம்மாதான். அறுபதுகளில் தாராவியில் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மாட்டுங்காவிலிருந்து குடையும் கையுமாக நடந்தே வருவார். படித்தது பிரசவ வைத்தியம். பலகையிலும் 'பிரசவம், பெண்கள் நோய்' என்றுதான் எழுதியிருக்கும். ஒரே அறை, நடுவில் ஒரு திரை, வெளியே தகரக் கூரைக்கடியில் ஆண்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஆண்பிள்ளை எவனும் வாசலைத் தாண்டி உள்ளே போகமாட்டான். அது தெருவின் சட்டம்.

வயிற்றில் மரக்குழலை வைத்து மறுமுனையில் காதைப் பதித்தாரென்றால் டாக்டரம்மாவின் கண் சொக்கிவிடும். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிறாரா, குட்டித் தூக்கம் போடுகிறாரா என்று படுத்திருப்பவளுக்கே சந்தேகம் வந்துவிடும். மழை நாளாக இருந்தால் கூரைச் சத்தத்தில் அவளும் சேர்ந்து தூங்கிவிடுவாள்.

ஆனால் அந்தக் காது தூங்காது. உள்ளே ஒன்றைக் கேட்டுக்கொண்டே வெளியே பத்தைக் கேட்கும். "காலை இழுத்துண்டு போறது யாரு? ஆணி ஏறியிருக்கு. வரச் சொல்லு, ஊசி போடணும்" என்பார். அந்த ஆள் உள்ளே வர வெட்கப்பட்டால் ஊசியோடு தெருவுக்கே போய்விடுவார். இட்லிக்காரி கூவிக்கொண்டு போனதை வைத்தே அவளுக்கு இளைப்பு இருக்கிறதென்று கண்டுபிடித்துக் கூடையை இறக்க வைத்தவர் அவர்.

"பிரசவ டாக்டருக்கு இந்த வம்பெல்லாம் எதுக்கும்மா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பிள்ளை உன் வயித்துலயேவா இருக்கப் போறது? அப்புறம் இந்தத் தெருவுலதானே இருக்கணும்?" என்றார், கண்ணை மூடியபடி.

எனக்கு அது தலைப்பிள்ளை. மழையில் சந்தெல்லாம் வழுக்குகிறதென்று அன்றைக்கு என் வீட்டுக்காரரும் துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழல் என் வயிற்றில் இருந்தது. வெளியே அவர் இருமினார்.

"யாரது?"

"எங்க வீட்டுக்காரவுகதான் டாக்டரம்மா. தோல் பட்டறைல வேல. தூசி இருமல்."

"தூசி இருமல் இவ்வளவு நீளமா ராகம் இழுக்காது. உள்ளே வரச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. "பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ள நானா? ஏட்டி, பட்டறைல தெரிஞ்சா நான் எப்படித் தல காட்ட?"

டாக்டரம்மா தானே வெளியே வந்தார். என் வயிற்றில் வைத்த அதே குழலை, பட்டப்பகலில், தெரு பார்க்க, அவர் நெஞ்சில் வைத்துக் காதைப் பதித்தார். எதிர்வாசல் செல்லம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "எத்தனையாவது மாசம் அண்ணாச்சி?" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போது டாக்டரம்மா கண்ணைத் திறந்தார். முதன்முதலாக அந்தக் கண்ணைப் பார்க்கிறேன். என் சிரிப்பு நின்றுபோயிற்று.

டாக்டரம்மா அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்ததில் டி.பி. என்று தெரிந்தது. அந்த நாளில் டி.பி. என்று காதில் விழுந்தால் போதும், பட்டறையில் வேலை போய்விடும், குடியிருக்கும் அறையும் போய்விடும். நான் அழுதேன். "அழுதா இருமல் போகுமா? முதல்ல கொஞ்ச நாள் வேலைக்குப் போக வேண்டாம். மஞ்சக்காமாலைன்னு சொல்லிடுங்கோ. அப்புறம் தினம் சாயங்காலம் இந்தப் பெஞ்சுக்கு வந்துடணும்" என்றார் டாக்டரம்மா. மஞ்சள் காமாலைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அதற்காக யாரும் வேலையை விட்டு நிறுத்தமாட்டார்கள்.

அப்படித்தான் என் வீட்டுக்காரர் சாயங்காலமானால் பிள்ளைத்தாச்சிகளோடு பிள்ளைத்தாச்சியாகக் காத்திருந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தார். பிரசவ டாக்டர் வாசலில் கிடப்பவனுக்கு டி.பி. இருக்குமென்று எவன் நினைப்பான்? தெரு வேறுமாதிரி முடிவு கட்டியது. பெண்டாட்டி மேல் உயிர், ஒருநாள் தவறாமல் டாக்டரைப் பார்த்து விசாரிக்கிறார் என்றார்கள்.

"அவுகளப் பாத்துப் படியும். நீரும் இருக்கீரே" என்று செல்லம்மா தன் புருஷனை விரட்டினாள். மற்றவளுகளும் சும்மா இருக்கவில்லை. பெஞ்சு நிறைந்தது. உட்கார்ந்தவர்கள் இருமினார்கள், பெருமூச்சு விட்டார்கள், முதுகைச் சொறிந்தார்கள். திரைக்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். செல்லம்மா புருஷனுக்கு ரத்தக் கொதிப்பு. கண்டுபிடித்த பிறகு செல்லம்மா யாரையும் மாசக் கணக்குக் கேட்கவில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் டாக்டரம்மா என் வீட்டுக்காரர் நெஞ்சில் குழலை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்கினார்.

"மூச்சைத் தவிர ஒண்ணும் கேக்கலை. இனிமே ஊசி வேண்டாம். வர வேண்டாம்."

மறுநாள் சாயங்காலம் அவர் தலை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே போகிறாரென்று மகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அதே பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்தார். உள்ளே குரல் கேட்டது.

"ஊசிதான் முடிஞ்சுடுத்தே. இன்னிக்கு யாருக்குத் துணையா வந்தேள்?"

அவர் இருமாமலே தொண்டையைச் செருமினார். "உங்களுக்குத்தான் டாக்டரம்மா."

திரை இடுக்கில் பார்த்தேன். டாக்டரம்மா யாரோ ஒருத்தியின் வயிற்றில் குழலை வைத்துக் காதைப் பதித்துக் கண்ணை மூடியிருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. மகள் தும்மினாள்.

"மழைல குழந்தையை எதுக்குடி தூக்கிண்டு வந்தே?"

இப்போதும் மழை நாளில் வீட்டில் யாராவது இருமினால், நான் உடனே எழுந்து போவதில்லை. 'யாரது?' என்று டாக்டரம்மா கேட்பதற்குக் கொஞ்ச நேரம் கொடுக்கிறேன்.