மெம்பர் பார்த்த சூரியன்

ஐந்தடி நீளப் பித்தளைத் தொலைநோக்கி, பூஜை அறையான பெருமாள் உள்ளின் நிலைப்படியைத் தாண்ட மறுத்தது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கோ. பெருமாளுக்கு நேரா நீட்டாதேங்கோ, பீரங்கி மாதிரி இருக்கு" என்றாள் வைஜயந்தி.

சாரங்கபாணி சாய்த்தார். குத்துவிளக்கு மயிரிழையில் தப்பியது.

அவர் திருச்சியில் ஒரு சர்க்கார் காலேஜில் பௌதிக லெக்சரர். நெல் விலை விழுந்து சர்க்கார் கஜானாவும் வறண்டு போயிருந்த வருஷம் அது. காலேஜ்களின் செலவை வெட்டச் சென்னையிலிருந்து சிக்கனக் கமிட்டி புறப்பட்டிருந்தது. திங்கட்கிழமை அதன் மெம்பர், வெளி ஜில்லா ஜமீன்தார் ஒருவர், இங்கே வருகிறார். பௌதிக வகுப்பை மூடினால் சாரங்கபாணிக்கு வேலை போகும். வேலை போனால் ஸ்ரீரங்கமும் போகும்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் வைஜயந்தி அரங்கனைச் சேவிக்காமல் காபி குடித்ததில்லை. "வேற ஊர் மட்டும் வேண்டாம்" என்பதுதான் அவள் அவரிடம் இதுவரை கேட்ட ஒரே நகை.

காலேஜ் தொலைநோக்கியை வீட்டில் ஒளித்து வைக்கச் சொன்னவர் சரித்திர லெக்சரர் பராசரன்.

"ஓய், இதெல்லாம் சிக்கனம்னு நினைக்கிறீரா? சுத்த அரசியல்! மந்திரிசபை நாலு ஓட்டுல ஊசலாடறது. நாலும் அந்த ஜமீன்தார் மடியில. அதான் கத்தரிக்கோலை அவர் கையில கொடுத்திருக்கா. நம்ம பசங்க வேற கதர்க் குல்லா போட்டுண்டு ஊர்வலம் போயிருக்கானுகள். பளபளன்னு ஏதாவது கண்ணுல பட்டுதோ, ஆடம்பரம்னு வெட்டிடுவார்."

திங்கட்கிழமை காலையில் அதே பராசரன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மோசம் போனோம் ஓய்! போன ஊர்ல லாபரட்டரி காலியா இருந்துதாம். ஒண்ணுமில்லாத இடத்துக்கு லெக்சரர் எதுக்குன்னு மூடியே விட்டாராம். அதை உடனே எடுத்துண்டு வாரும்!"

சாரங்கபாணி பெருமாள் உள்ளுக்குப் பாய்ந்தார். தொலைநோக்கியின் முகப்பில் திருமண் பளிச்சென்று துலங்கியது. இடுப்பில் துளசி மாலை.

"என்னடி இது?"

"ரெண்டு நாளாப் பெருமாளோட இருந்திருக்கு. வெறும் நெத்தியோட எப்படி விடறது?"

துடைக்க நேரமில்லை. ஜட்காவில் ஏற்றினார். பாதி உள்ளே, பாதி வெளியே நீட்டிக்கொண்டு அது புறப்பட்டது. காவேரிப் பாலத்தில் ஒரு பூக்காரி கூடையை இறக்கி வைத்துக் கும்பிட்டாள்.

"சாமி, கோயில்லேருந்து என்ன எழுந்தருளுதுங்க?"

"ஒண்ணுமில்லைம்மா. இது சூரியனைப் பார்க்கிற குழல்" என்றார் சாரங்கபாணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சூரியனைக் கீழேயே கொண்டு வந்து காட்டும்" என்று சேர்த்துவிட்டார்.

மலைக்கோட்டைக் கடைவீதியில் கற்பூரம் ஏற்றினார்கள். காலேஜ் வாசலை எட்டும்போது ஜட்காவின் பின்னால் இருநூறு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மெம்பரின் மோட்டார் ஏற்கெனவே நின்றிருந்தது. அதன் பின்னால் தார்ப்பாய் மூடிய ஒரு லாரி.

"லாரி எதுக்கு?"

"கமிட்டி தஸ்தாவேஜா இருக்கும்" என்றார் பராசரன்.

மெம்பர் கூட்டத்தைப் பார்த்து மலைத்து நின்றார். "இத்தனை பேரும் பௌதிகம் படிக்கவா வராங்க?"

லாபரட்டரி அட்டெண்டர் வீரமலை கைகட்டிச் சொன்னான்: "ஆமாங்க. இன்னைக்குக் கொஞ்சம் கம்மிங்க."

இனிப் பின்வாங்க வழியில்லை. குழலை முற்றத்தில் முக்காலியின் மேல் ஏற்றினார்கள். வீரமலை தன் சலவை வேட்டியை விரித்துப் பிடித்தான். சாரங்கபாணி குழலைச் சூரியன் பக்கம் திருப்பினார். மேகம் ஒன்று குறுக்கே வந்தது. கூட்டம் முணுமுணுத்தது. மேகம் விலகியது.

வேட்டியில் சூரியன் இறங்கினான்.

தாம்பாளம் அளவு வட்டம். விளிம்பு லேசாக நடுங்கியது. அதற்குள் மிளகை இறைத்தது போலச் சில கறுப்புப் புள்ளிகள். வேட்டியின் ஓரம் காற்றில் படபடப்பது கேட்டது. பதினைந்து வருஷமாகப் பார்த்தும், சாரங்கபாணி இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"அந்தக் கறுப்பு என்னங்க?" மெம்பரின் குரல் இறங்கியிருந்தது.

"சூரியன் மேல இருக்கிற புள்ளிகள். அதோ, அந்த ஒண்ணுக்குள்ள நம்ம பூமி முழுசா விழுந்துடும்."

"காவேரியோடவா?"

"காவேரி, கோயில், மலைக்கோட்டை, சென்னைக் கவுன்சில் எல்லாத்தோடயும்."

மெம்பர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாலு ஓட்டை வச்சுக்கிட்டு நான் என்னமோ பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் தனக்குத்தானே.

நெடுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார். "இதைத் தூக்க எத்தனை பேர் வேணும்?"

"ரெண்டு பேர் போதும் சார்."

"இதைச் சூரியனுக்குத் திருப்பத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க?"

சாரங்கபாணி நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் சார்."

மெம்பர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "கவலையே வேணாம். உங்க வேலைக்கு நான் பொறுப்பு." பிறகு, வாசல் வரை போய் லாரி டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, பிரின்சிபால் அறைக்குள் போனார்.

பராசரன் சாரங்கபாணியைக் கட்டிக்கொண்டார். மறந்து வைத்துவிட்டு வந்த குழல்மூடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள் வைஜயந்தி. ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமில்லாமல் கணவனின் அங்கவஸ்திர நுனியைப் பற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, வெளிச்சத்தாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

"இனிமே ஸ்ரீரங்கத்தை விட்டு எங்கேயும் போக வேண்டாம், இல்லையான்னா?"

"எங்கேயும் போக வேண்டாம்."

அப்போது லாரி டிரைவர் தர்மராஜ் ஒரு கட்டு வைக்கோலோடு லாரித் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே மைக்ராஸ்கோப்புகள், ஒரு பாடம் செய்த மயில், நாற்காலியில் கட்டி வைத்த மனித எலும்புக்கூடு.

"எங்க ஐயா, நூறு மைலுக்கு அந்தாண்ட எங்க ஊர்ல, அவங்கப்பா பேர்ல காலேஜ் கட்டுறாருங்க, போற இடத்துல பிடிச்சதையெல்லாம் இப்படித்தான் ஏத்திக்கிட்டு வரேன், ஆனா சாமானோட சேர்த்து வாத்தியாரையும் ஏத்தச் சொன்னது இதுதாங்க முதல் தடவை... நீங்க முன்னால உட்காருறீங்களா, எலும்புக்கூடு பக்கத்துலயா?"