லேசான வலிக்கு முத்திரை இல்லை

அந்த மருத்துவமனையில் மருந்துக்குப் பஞ்சமில்லை, மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை. வலிதான் தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் வலிக்கிறது என்றே சொன்னார்கள். இதில் யாருக்கு முதலில் வலிக்கிறது என்று முடிவு செய்ய நிர்வாகத்துக்கு வழி தெரியவில்லை.

வழி வெளியூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் இருந்தது. தலைமை மருத்துவர் அதற்குப் போய், தோளில் ஒரு துணிப்பையோடும் கண்ணில் ஒரு புது வெளிச்சத்தோடும் திரும்பினார். மறுநாள் காலையிலேயே ஊழியர் கூட்டம் போட்டார்.

"நோயாளி பேசுவதைப் பேச்சு என்று நினைப்பதை இன்றோடு விடுங்கள். அது ஒரு பிரதி. அவன் உவமையில் பேசுகிறானா, உருவகத்தில் பேசுகிறானா என்று தெரியாமல் ஊசி போட்டு என்ன பயன்? இரண்டுக்கும் என்ன வேறுபாடு, யாராவது சொல்லுங்கள்."

எல்லாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய நர்ஸ் மட்டும், "ஊசி எந்தக் கையில போடணும்னு மாறுமா டாக்டர்?" என்று கேட்டார்.

நாற்காலி தூக்கி வந்து போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தார் லிஃப்ட்காரர். ராத்திரி டியூட்டி முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் வாய் நமநமத்தது.

"'வயித்துல கத்தி மாதிரி குத்துது'ன்னா உவமைங்க. 'வயித்துல கத்தி'ன்னா உருவகம்."

கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. லிஃப்டுக்குள் இருக்கும்போது யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அவருடைய கல்வி இவ்வளவுதான்: நடைபாதைக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு அணியிலக்கணப் புத்தகம். ராத்திரியில் லிஃப்ட் பெரும்பாலும் சும்மா நிற்கும். அவரும் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தார். கற்றதைச் சொல்ல ஆள் இல்லை. வீட்டில் சொல்லலாம் என்றால், மனைவி எழும்போது அவர் படுப்பார், அவர் எழும்போது அவள் படுப்பாள். இடையில் கிடைக்கும் கால் மணி நேரத்தில் இல்பொருள் உவமையைப் பற்றி ஆரம்பித்தால், "சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்பாள். சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிடும். சக ஊழியர்கள் அவரைப் 'புலவர்' என்று கூப்பிட்டார்கள். அது வஞ்சப்புகழ்ச்சி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பின்பாதி புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பாதியை அவர்களிடமே விட்டுவிடுவார்.

ஒரு வாரத்தில் முன்கூடத்தில் 'அணி மேசை' திறக்கப்பட்டது. அதன் பின்னால், பகல் டியூட்டியில், சுழலும் நாற்காலியில் புலவர். மேசைமேல் நான்கு முத்திரைகள். அவற்றின் நியாயத்தைச் சுற்றறிக்கை தெளிவாக விளக்கியது. உவமை சொல்பவர் 'மாதிரி' என்று சொல்வதன் மூலம் அது கத்தி அல்ல என்று தாமே ஒப்புக்கொள்கிறார், ஆகவே காத்திருக்கலாம். உருவகம் சொல்பவர் அப்படி ஒப்புக்கொள்ளாததால் உடனே உள்ளே அனுப்பப்பட வேண்டியவர். 'உயிரே போகுது' என்பவருக்கு உயிர் போகவில்லை என்பது நேரிலேயே தெரிவதால் அது உயர்வு நவிற்சி, வீட்டுக்குப் போகலாம். 'இந்தக் கால் என்னைப் பழிவாங்குது' என்பது தற்குறிப்பேற்றம், மனநலப் பிரிவுக்கு. தவறான முத்திரை குத்துகிறவர் பழைய பணிக்கே திருப்பி அனுப்பப்படுவார்.

கடைசி வரியைப் புலவர் இரண்டு தடவை படித்தார். அன்று ராத்திரி, எத்தனையோ வருஷத்துக்கப்புறம், அவரும் மனைவியும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தார்கள்.

"வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் இருட்டில்.

'உவமை' என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மேசை வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

"என்ன பண்ணுது?"

"இடுப்புல இடி இறங்குன மாதிரி இருக்குங்க."

"மாதிரியா, இடியேவா?"

"இடியே இறங்கியிருந்தா நான் எப்படிங்க பஸ் பிடிச்சு வருவேன்?"

"அப்ப உட்காருங்க."

ஆனால் ஜனங்கள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். வாசலில் டீ போடுகிறவர் ஒவ்வொரு கிளாஸோடும் பாடம் எடுத்தார்: "'மாதிரி'யை இங்கயே வச்சுட்டு உள்ள போங்க." அப்புறம் வரிசையில் நின்றதெல்லாம் உருவகம்தான். ஒருவருக்கு முதுகு உடைந்த பாலம், இன்னொருவருக்குத் தொண்டை செங்கல் சூளை. சளி பிடித்த குழந்தை ஒன்று தன் மூக்கு அணைக்கட்டு என்றது. தலைமை மருத்துவர் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கண் கலங்கினார். "நம்ம நோயாளிகள் எவ்வளவு வளர்ந்துட்டாங்க, புலவரே" என்றார். வியாதி குறையவில்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. புலவருக்கு வந்தது. ஆனால் நாற்காலி நன்றாகச் சுழன்றது.

அப்படி ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் அவர் மனைவி நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை முன்னால் நின்றவர் தோளில். முகம் வெளுத்திருந்தது. முன்னும் பின்னும் நின்றவர்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எரிமலைன்னு சொல்லுங்க அக்கா, உடனே விடுவாங்க."

"நான் எரிமலை பார்த்ததில்லையே."

"நாங்க மட்டும் பார்த்தோமா?"

மேசைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏன் வீட்டுலயே சொல்லல?" என்றார் அவர் தணிந்த குரலில்.

"இப்பத்தான் ராத்திரியில தூங்க ஆரம்பிச்சிருக்கீங்க. எழுப்ப மனசு வரல."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. லேசா வலிக்குது."

அவள் வாயிலிருந்து இந்த 'லேசா'வைப் புலவர் முன்பு ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறார். மகள் பிறந்த அன்று ஆட்டோவில் அப்படித்தான் சொன்னாள். ஆட்டோ நிற்பதற்குள் மகள் பிறந்துவிட்டாள்.

முத்திரைகளைப் பார்த்தார். கூட்டிச் சொல்கிறவர்களுக்கு ஒன்று இருந்தது. குறைத்துச் சொல்கிறவர்களுக்கு இல்லை. மெய்யாகவே லேசாக வலிப்பவர் என்று விட்டால், சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அதுவும் புகார் சொல்லாமல். உருவகம் என்று குத்தினால் நாற்காலி போய்விடும். கை எதை எடுக்கும் என்று தெரியாமல் மேசைமேல் அலைந்தது.

"ஏதாவது ஒண்ணு சொல்லேன்" என்றார் கெஞ்சலாக. "பாம்பு, தீ, இரும்பு, எதையாவது."

"வலிக்குதுன்னா போதாதா? இத்தனை பேர் நடுவுல பாம்பைக் கூப்பிடச் சொல்றீங்க."

அவர் 'உருவகம்' என்று குத்திவிட்டார். பின்னால் தலைமை மருத்துவரின் குரல் கேட்டது.

"புலவரே, இதில் உருவகம் எங்கே இருக்கு?"

"இல்லைங்க டாக்டர். இவ என் சம்சாரம். இவ குறைச்சுத்தான் சொல்லுவா. லேசான்னா ரொம்பன்னு அர்த்தம்."

"அந்த அணிக்கு என்ன பெயர்?"

புத்தகத்தின் பக்கங்கள் எல்லாம் புலவர் மனதில் ஓடின. ஒன்றிலும் இல்லை. "அடக்க நவிற்சி" என்றார்.

"எந்த நூலில் வருது?"

"அட்டை போன நூலுங்க."

தலைமை மருத்துவர் அந்தச் சொல்லை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். பிடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவள் அறுவைசிகிச்சை மேசையில் இருந்தாள். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருந்ததாம். பெரிய நர்ஸ் வெளியே வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம், புலவரே. இதையா லேசான்னாங்க?" என்றார். புலவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நாள் இத்தோடு முடிந்திருந்தால் கதையும் நல்லபடி முடிந்திருக்கும்.

ஆனால் தலைமை மருத்துவர் ஐந்தாவது முத்திரை செய்யச் சொல்லிவிட்டார். புதிய சுற்றறிக்கை வந்தது: 'குறைத்துச் சொல்பவரே மெய்யான நோயாளி. ஆகவே அடக்க நவிற்சி உருவகத்துக்கும் முந்தியது. வலிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் வரிசையின் கடைசிக்குப் போகவும்.'

மறுநாளே டீக்கடையில் பாடத்திட்டம் மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கோர்க்க, ஒவ்வொருவராக வந்து, "ஒண்ணுமில்லைங்க" என்றார்கள். கை உடைந்தவர், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். மெய்யாகவே ஒன்றுமில்லாதவர்களும் அதையேதான் சொன்னார்கள். சிலிண்டர் இறக்க வந்தவர், "எனக்கு ஒண்ணுமில்லைங்க, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று மன்றாடியதால், நிலைமை முற்றிவிட்டதாகக் கருதி அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். முத்திரை குத்தியது புலவர்தான். மனைவியைக் காப்பாற்றிய அணியைத் தவறு என்று எப்படிச் சொல்வது? தவிர, நாற்காலி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்து அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். எந்தக் கருத்தரங்குக்கும் போகாதவர். கூடுதல் படுக்கை, கூடுதல் மருந்து, அணி மேசைக்கு நிரந்தர ஒப்புதல் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. வரிசையின் முன் நின்று உரக்கக் கேட்டார்:

"உங்களுக்கு இங்க என்ன குறை?"

அவர் பெரிய அதிகாரி. அதனால் பெரிய குறையைத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது.

"ஒண்ணுமில்லைங்க" என்றது வரிசை, ஒரே குரலில்.

"மருந்தெல்லாம் போதுமான அளவு இருக்கா?" என்று பெரிய நர்ஸைக் கேட்டார். மருந்துத் தட்டுப்பாடு முந்தின வாரமே தொடங்கியிருந்தது. நர்ஸ் கண் கலங்க, "தாராளமா இருக்குங்க" என்றார். தலைமை மருத்துவர் தம் வாழ்நாளின் சிறந்த வாக்கியத்தைச் சொன்னார்: "எங்களுக்கு எதுவுமே தேவையில்லை."

அதிகாரி புலவர் பக்கம் திரும்பினார். "இந்த மேசை அவசியம்தானா?"

புலவர் நாற்காலியை நினைத்தார், ஒன்றாகச் சாப்பிடும் ராத்திரிகளை நினைத்தார். எவ்வளவு அவசியமோ அவ்வளவு தணித்துச் சொல்ல வேண்டும்.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

அதிகாரி எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதிக்கொண்டு, மகிழ்ச்சியோடு போய்விட்டார். குறையே இல்லாத மருத்துவமனைக்குக் கூடுதலாக எதுவும் தேவையில்லை என்றும், அவசியமில்லாத மேசையை எடுத்துவிடலாம் என்றும் உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலம் புலவர் வீட்டுக்கு வந்து, ஆணியில் மாட்டியிருந்த பழைய லிஃப்ட் சட்டையை எடுத்து உதறினார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு அதிகமாவா?" என்றாள்.